முழு ஒரு நிமிடம்

உங்கள் சீட்டில் என்ன எண் போட்டிருக்கிறது? எழுபத்தொன்றா? எனக்குத் தொண்ணூற்று நாலு. இப்போதுதான் அறுபத்தாறைக் கூப்பிட்டார்கள். ஓர் ஆளுக்கு நாலு நிமிடம் ஆகிறது. நான் வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். டாக்டர் டீ குடிக்கப் போன பதினொரு நிமிடத்தை அதில் சேர்க்கவில்லை. உங்களுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது.

கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள். அங்கே மின்விசிறிக் காற்று வராது.

நான் வலியப் போய்ப் பேசுகிறவள் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் எங்கே இறங்குகிறீர்கள் என்று கேட்டால்கூடக் கையைத்தான் காட்டுவேன். இன்றைக்கு உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் கேட்கிறேன். விஷயம் தெரியாமல் கேட்டால் நீங்கள் ஒரு மாதிரியாக நினைப்பீர்கள்.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. தலைசுற்றல் இரண்டு தடவை வந்தது. இரண்டும் வெயிலால். மயக்கம் என்று சொல்ல முடியாது. கண்ணைத் திறந்தபோது மடியில் இருந்த பீடி இலைச் சுளகு தரையில் கிடந்தது, அவ்வளவுதான். நான் இங்கே வந்திருப்பது பெனினாவுக்காக. நாளைக்கு அவளுக்குப் பரீட்சை.

பெனினா என் வீட்டுத் தெருப்பக்க அறையில் குடியிருந்த பெண். சாத்தான்குளத்துக்கு அந்தப் பக்கம் ஊர். இங்கே இரண்டு வருடம் நர்ஸ் உதவியாளர் படிப்பு படித்தாள். எழுதுகிற பரீட்சை எல்லாம் தேறிவிட்டாள். நோயாளியைத் தொட்டுச் செய்து காட்டுகிற பரீட்சையில் போய்விட்டது. கை நடுங்கியதாம். தோற்றவர்களுக்கு விடுதியில் இடம் இல்லை. அதனால் என் வீட்டுக்கு வந்தாள்.

"மூணு தடவதான் பெரியம்மா விடுவாங்க. ஒண்ணு போயிட்டு. மூணும் போச்சுன்னா மாமா வேலை பாக்குற ஜவுளிக்கடையில போய் நிக்க வேண்டியதுதான். காலைல ஒம்பது மணிக்கு நின்னா ராத்திரி ஒம்பது மணிக்குத்தான் உக்கார விடுவாங்க" என்று வந்த அன்றைக்கே சொன்னாள்.

எனக்குச் சட்டென்று பதில் வராது. நான் நாற்பத்தொரு வருடமாகப் பீடி சுற்றுகிறவள். இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூலைக் கட்டினால் அது ஒன்று. இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. இந்த வேலைக்குப் பேச்சு தேவையில்லை. வீட்டுக்காரர் போய்ப் பதினேழு வருடம். பிள்ளை இல்லை. ஒரு நாளில் நான் வாய் திறப்பது பீடிக்கடையில் பெயர் சொல்லும்போதுதான். அங்கேயும் இப்போது அட்டையை நீட்டினால் போதும்.

எட்டு நாள் அவள் அறைக்குள்ளேயே புத்தகத்தை வைத்துக்கொண்டு முணுமுணுத்தாள். ஒன்பதாம் நாள் கதவுப் பக்கம் வந்து நின்றாள்.

"பெரியம்மா, உங்க கையக் கொஞ்சம் தருவீங்களா?"

"எதுக்கு?"

"நாடி எண்ணிப் பாக்கணும். என் கையவே நான் பிடிச்சிப் பிடிச்சி எண்ணுதேன், அது சரியில்ல. அடுத்தவங்க கையின்னாத்தான் நடுங்குது."

கையில் புகையிலைத் தூள் என்றேன். பரவாயில்லை என்றாள். கழுவிக்கொண்டு வந்து நீட்டினேன். உடனே பிடித்துவிடுவாள் என்று பார்த்தால், இரண்டடி தள்ளி நின்று, என்னை அன்றைக்குத்தான் பார்க்கிறவள் போலக் கும்பிட்டாள்.

"வணக்கம் அம்மா. என் பேரு பெனினா. இன்னைக்கு நான்தான் உங்களப் பாத்துக்கப் போறேன். உங்க பேரச் சொல்லுங்க."

"ஏட்டி, என் பேரு உனக்குத் தெரியாதாக்கும்?"

"சொல்லணும் பெரியம்மா. நோயாளி வாயால பேரச் சொல்லணும். அதுக்குப் பெறவுதான் தொடணும். சொல்லலைன்னா ரெண்டு மார்க் போயிரும்."

உலகம்மாள் என்று சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. என் பெயரை நான் அதற்கு முன்னால் எப்போது சத்தமாகச் சொன்னேன் என்று அன்று முழுக்க யோசித்தேன். கணக்கு அகப்படவில்லை.

அப்புறம் தினமும் மூன்று வேளை. காலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, விளக்கு வைத்ததும் ஒன்று. ஒவ்வொரு வேளையும் கும்பிடுவாள், ஒவ்வொரு வேளையும் பெயரைக் கேட்பாள். நாடி மட்டுமா? மூச்சு எண்ணுவாள். காய்ச்சல் கம்பியை வாயில் வைப்பாள். என் கட்டிலில் விரிப்பைப் போட்டு நாலு மூலையையும் உறை மடிப்பது போல மடித்துச் செருகுவாள். நான் படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுவாள். படுத்த நோயாளியைத் துடைத்துவிடுகிற பாடம் வந்தபோது, முகமும் கையும் காலும் மட்டும்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வெந்நீரில் துணியை நனைத்துப் பாதத்தைத் துடைத்தாள். விரல் இடுக்கு ஒவ்வொன்றாக. எனக்குக் கூச்சமாக இருந்தது. நாலு தடவைக்கு மேல் அதைச் செய்ய விடவில்லை. இன்னொரு தடவை செய்யவா என்று அவளும் அழுத்திக் கேட்கவில்லை.

கேள்வி கேட்கிற வேலையும் எனக்கு வந்தது. அவள் நோட்டில் தமிழில் இருநூற்றுப் பன்னிரண்டு கேள்வி எழுதி வைத்திருந்தாள். நான் ஆறாம் வகுப்பு அரைப் பரீட்சை வரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் விடாமல் வாசிப்பேன். அவள் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

"கருத்துக்கு அதுதான் பெரியம்மா."

"கருத்து எனக்குத் தெரியாது. எழுதினதச் சொல்லு."

உங்கள் எண் இல்லை. அது அறுபத்தேழு. உட்காருங்கள்.

இனிமேல்தான் விஷயம். கட்டைவிரலால் நாடி பிடிக்கக் கூடாது. கட்டைவிரலுக்கே ஒரு துடிப்பு உண்டு, அது கலந்துவிடும். நடு மூன்று விரல்தான். அவளோடு படித்தவர்கள் எல்லாரும் பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குவார்களாம். முதல் நாள் இவளும் அப்படித்தான் செய்தாள். கையை விட்டுவிட்டாள்.

"முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு பெரியம்மா. பதினஞ்சு நாலு அறுபது."

"நோட்டுல முழு ஒரு நிமிசம்னு இருக்கு. நான் வாசிச்சேன்."

இருந்தது. கேள்வி முப்பத்தெட்டு. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அதிலிருந்து எப்போதும் முழு ஒரு நிமிடம். பரீட்சைக்கு நல்லது என்பதற்காகத்தான் பிடிவாதம் பிடித்தேன். எனக்கு அதில் வேறென்ன இருக்கிறது? சும்மா கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எனக்குத்தான் இரண்டு பீடி நஷ்டம்.

ஆனால் அவள் எண்ணிக்கை ஒரு நாளும் ஒத்துவரவில்லை. ஒரு வேளை அறுபத்து மூன்று என்பாள். ஒரு வேளை அறுபது. மறுநாள் அறுபத்தாறு. முகம் வாடிப்போகும். நான் கழுத்தில் விரலை வைத்து நானே எண்ணினேன். எழுபத்தாறு. மறுபடி எண்ணினேன். எழுபத்தாறு. எந்த வேளை எண்ணினாலும் எழுபத்தாறு.

"ஏட்டி, நீ விட்டுட்டு எண்ணுத" என்றேன்.

"நான் விடல பெரியம்மா. அதுதான் விடுது. நாலு அடிக்கு, அஞ்சு அடிக்கு ஒரு தடவ நின்னு போகுது, பாருங்க."

எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. வயதானால் விடும். என் அம்மாவுக்கும் விட்டது. விட்டால் என்ன, அந்த இடம் இருக்கிறது இல்லையா? பீடிக் கட்டில் ஒன்று உடைந்துவிட்டால் இருபத்து நாலாகக் கட்ட மாட்டோம். உடைந்ததை எடுத்துப் போட்டுவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைத்துத்தான் கட்டுவோம். கட்டு என்றால் இருபத்தைந்து. நாற்பத்தொரு வருடத்தில் என் கட்டு ஒரு நாள்கூடக் குறைந்ததில்லை. கடைக்காரரே என் கட்டை எண்ணாமல்தான் எடுப்பார்.

அதைத்தான் சொன்னேன். "நின்னா அந்த எடத்தையும் சேத்து எண்ணு. காலால தாளம் போட்டுக்கோ. தாளம் நிக்காம போகும்லா, அத எண்ணு."

அவள் முழித்தாள். அப்புறம் கால் பெருவிரலைத் தரையில் தட்டிக்கொண்டு எண்ணினாள். எழுபத்தாறு. சாயங்காலமும் எழுபத்தாறு. மறுநாள் மூன்று வேளையும் எழுபத்தாறு. அந்தப் பெண் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கை நடுங்கவே இல்லை. எண்ணிக்கை ஒத்துவந்தால் கை நடுங்காது. அது எனக்குத் தெரியும்.

நான் பாடம் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு என்ன தெரியும்? நான் கையை மட்டும்தான் நீட்டினேன்.

நூற்றுப் பன்னிரண்டு நாள் இருந்தாள். முதல் எட்டு நாள் கதவுக்குள்ளேயே போனது, ஊருக்குப் போனது மூன்று நாள். மிச்சம் நூற்றியொன்று. மூன்று வேளை வீதம் முந்நூற்று மூன்று நிமிடம். ஐந்து மணி நேரம் மூன்று நிமிடம் என் கையைப் பிடித்திருக்கிறாள். இதை ஒரு கணக்குக்காகத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேள்வி நாற்பத்தொன்று. "நாடி இடையிடையே விடுபட்டால் செவிலியர் செய்ய வேண்டியது என்ன?" பதில்: "முழு ஒரு நிமிடம் எண்ணி, துடித்ததைத் தனியாகவும் விடுபட்டதைத் தனியாகவும் குறித்து, பொறுப்பில் உள்ளவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும்." இதை நான் முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். அவள் ஒரு சொல் பிசகாமல் சொல்லியிருப்பாள். சொல்லும்போது சில நாள் என் கை அவள் கையில்தான் இருந்தது. நான் சரி என்று பென்சிலால் கோடு போட்டேன். அது நோட்டில் இருக்கிற நோயாளியைப் பற்றியது அல்லவா?

பரீட்சைக்குப் போன அன்று திருநீறு பூசிவிடக் கை எடுத்தேன். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண் என்று ஞாபகம் வந்து நிறுத்திவிட்டேன். அவளே தலையைக் குனிந்து, "சும்மா கைய வைங்க பெரியம்மா" என்றாள். வைத்தேன்.

சாயங்காலம் வந்தாள். செருப்பைக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கொடுத்த நோயாளி ஒரு பெரியவராம். என்னைப் போலவே அவருக்கும் விட்டுவிட்டுத் துடித்ததாம். இவளுக்குச் சந்தோஷமாம். நமக்குத் தெரிந்த நாடி என்று கால் பெருவிரலைத் தட்டி எண்பத்திரண்டு என்று எழுதியிருக்கிறாள். பரீட்சை நடத்த வந்த அம்மா எண்ணியது எழுபது.

"மீதிப் பன்னெண்டு எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டாங்க. விட்டதையும் சேத்து எண்ணுனேன் மேடம்னேன். சிரிப்பாங்கன்னு நெனச்சேன். சிரிக்கல பெரியம்மா. பேனாவ மூடி வச்சிட்டாங்க. 'அவரு இதயம் பன்னெண்டு தடவ நின்னிருக்கு. அத நீ இல்லைன்னு எழுதிட்ட. டாக்டர் ஒன் சீட்டப் பாத்து நல்லாருக்காருன்னு வீட்டுக்கு அனுப்பிருவாரு. இப்படி ஆர் ஒனக்குச் சொல்லிக்கொடுத்தது'ன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நானாத்தான் எண்ணுனேன்னு சொன்னேன்."

அதுதான் எனக்கு மனத்தாங்கல். என் பெயரைச் சொல்லியிருக்கலாம் அல்லவா? முந்நூற்று மூன்று தடவை கேட்டு வைத்த பெயர்தானே? நான் போய் அந்த அம்மாவிடம் நின்று, தப்பு என்னுடையது என்று சொல்லியிருப்பேன். பேச்சு வராதுதான், ஆனால் சொல்லியிருப்பேன். ஆளே இல்லாதது போல ஒதுக்கிவிட்டாள். திட்டவாவது செய்தாளா, அதுவும் இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தவள் திடீரென்று எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். கும்பிட்டாள். பெயரைக் கேட்டாள். சொன்னேன். என் மணிக்கட்டைப் பிடித்தாள். அன்றைக்குக் கால் விரல் தட்டவில்லை. உதடு அசைந்தது, நின்றது, அசைந்தது, நின்றது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் என் புறங்கையில் விழுந்தது. பரீட்சை போன துக்கம், பாவம். அதைச் சேர்த்தால் முந்நூற்று நாலு.

மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒரு சீட்டும் அவள் கைக்கடிகாரமும் மேசையில் இருந்தன. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். சீட்டைப் பார்த்தால் கோடு போட்டுக் கட்டம் கட்டியிருந்தாள். இதோ பாருங்கள், இதுதான். முதல் கட்டத்தில் தேதி. துடித்தது அறுபத்திரண்டு. விட்டது பதினாலு. இரண்டையும் கூட்டினால் எழுபத்தாறு, நான் சொன்ன கணக்குத்தான். ஆனால் கூட்டக் கூடாதாம். கீழே ஒன்பது வெற்றுக் கட்டம். அடியில் எழுதியிருக்கிறாள் பாருங்கள்: "வாரம் ஒரு தடவை. நீங்கள் எண்ணக் கூடாது, நிரப்பிவிடுவீர்கள். வேறு யாராவது எண்ண வேண்டும். டாக்டரிடம் காட்ட வேண்டும்."

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிடுவாள். "பெரியம்மா, ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா? யாரையாவது எண்ணச் சொன்னீங்களா?" ஒன்பது ஞாயிறு, ஒன்பது தடவையும் இதே கேள்வி. சாப்பிட்டீங்களா என்று கேட்டது இரண்டே தடவை. பார்க்கலாம், பார்க்கலாம் என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை குரல் மாறிவிட்டது.

"வெள்ளிக்கிழமை எனக்குக் கடைசித் தடவ. நீங்க டாக்டரப் பாக்காம நான் அன்னைக்கு உள்ள போகமாட்டேன். ஒரு பெரியவரு நாடியப் பிடிச்சா உங்க கைதான் நெனவு வரும். எனக்குக் கை நடுங்கிரும். சொல்லிட்டேன்."

"மெரட்டுதியாட்டி?"

"ஆமா. மெரட்டுதேன்."

அதனால்தான் வந்தேன். பிடிவாதக்காரி, போகாமல் இருந்தாலும் இருந்துவிடுவாள். வரும்போது படியில் ஒரு தடவை தலைசுற்றியது. அதையும் சேர்த்தால் மூன்று.

எழுபதா? ஆமாம், எழுபதைத்தான் கூப்பிட்டார்கள். அடுத்தது நீங்கள். நாலு நிமிடம் இருக்கிறது.

வெளியே சீட்டுப் போடுகிற இடத்தில் விரலில் துணிக் கிளிப்பு மாதிரி ஒன்றை மாட்டினார்கள். நான் கையைத்தான் நீட்டினேன். அந்தப் பெண் கையைத் தொடவில்லை. இரண்டு மூச்சு விடுவதற்குள் ஓர் எண்ணைப் பார்த்து எழுதி, அடுத்த ஆள் என்றுவிட்டாள். இயந்திரத்தில் தெரியும்தான். ஆனால் பெனினா கேட்டது அது இல்லை. சீட்டைக் காட்டுங்கள் என்று டாக்டர் கேட்டால், ஒன்பது கட்டமும் வெறுமையாக இருக்கிறது.

நானே நிரப்பியிருக்கலாம். அறுபத்திரண்டு, பதினாலு என்பதைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றி எழுதினால் யாருக்குத் தெரியும்? காலியிடத்தில் ஒன்றை வைத்துக் கட்டுவது எனக்குக் கைவந்த வேலை. பென்சிலை எடுத்தேன், வைத்துவிட்டேன். அந்த அம்மா பேனாவை மூடி வைத்ததை நினைத்தேன்.

ஏன் யாரையும் எண்ணச் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். போனேன். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா நல்லவள்தான். மூன்று தடவை அவள் வாசலில் போய் நின்றேன். என்னக்கா வேணும் என்றாள். கொஞ்சம் கறிவேப்பிலை என்றேன். மூன்று தடவையும் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வந்தேன். என் வீட்டிலேயே கறிவேப்பிலை மரம் இருக்கிறது, அவளுக்கும் அது தெரியும். என் கையை ஒரு நிமிடம் பிடியுங்கள் என்று ஓர் ஆளிடம் எப்படிக் கேட்பது? எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? பெனினா கேட்டாள், அவளுக்கு அது பாடம்.

இப்போது உங்களிடம் கேட்கிறேன். கடைசிக் கட்டம் ஒன்று போதும். இன்றைக்குத் தேதி நான் எழுதிவிட்டேன். மற்ற எட்டும் வெறுமையாகவே இருக்கட்டும்.

இந்தாருங்கள் கடிகாரம். நொடி முள் ஒரு சுற்று. கட்டைவிரல் வேண்டாம், நடு மூன்று விரல். இங்கே, எலும்புக்கு உட்பக்கம். கையைக் கழுவித்தான் வந்திருக்கிறேன், தூள் வாசனை மட்டும் போகாது. துடித்தால் எண்ணுங்கள். நின்றால் நீங்களும் நில்லுங்கள். நின்றதை ஒரு விரலை மடக்கித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்க வேண்டாம். குறைந்தால் குறைந்ததுதான்.

பாதியில் விட்டுவிட்டு இரண்டால் பெருக்கிவிடாதீர்கள், அம்மா. முழு ஒரு நிமிடம்.

முதலில் என் பெயரைக் கேளுங்கள். கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

உலகம்மாள்.

இனிப் பேச மாட்டேன். எண்ணும்போது நோயாளி பேசக் கூடாது.